பஸ் ஏற முடியாத தேவதை

அந்த பங்களாவுக்கு வேலைக்குப் போனபோது பானுப்பிரியாவுக்கு இருபத்தேழு வயது. ராசிங்காபுரத்துக்காரி. பிளஸ் டூ முடித்த மறுவருஷமே கட்டிக்கொடுத்தார்கள். கட்டியவன் மூன்றாம் வருஷம் திருப்பூருக்கு வேலைக்குப் போனான், அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபின் அண்ணன் கன்னையன் வீட்டில் ஒரு வருஷம் இருந்தாள். அண்ணன் தங்கமானவன்தான். அண்ணியும் கெட்டவள் இல்லை. ஆனாலும் இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொள்ள எழுந்திருக்கும்போது யோசனை வந்தது. அந்த யோசனை வந்த வீட்டில் அதற்கு மேல் இருக்க அவளால் முடியவில்லை.

போடிமெட்டைத் தாண்டி, கேரளப் பக்கம், ஏலக்காய்த் தோட்டத்துக்கு நடுவே இருக்கிறது அந்த பங்களா. முதலாளி மதுரையில் இருக்கிறார். நான்கு அறைகளையும் சுற்றுலா வருகிறவர்களுக்கு விடுகிறார். சமைப்பது, துணி மாற்றுவது, வெந்நீர் போடுவது, வந்தவர்கள் காலில் அட்டை ஏறினால் உப்பு கொண்டுபோய்க் கொடுப்பது எல்லாம் பானுதான். வார நாட்களில் யாரும் வரமாட்டார்கள். காலையில் சிலமலையிலிருந்தும் ராசிங்காபுரத்திலிருந்தும் ஏலப்பழம் எடுக்கிற பெண்கள் ஜீப்பில் நெருக்கியடித்து வந்து இறங்குவார்கள். சாயங்காலம் அதே ஜீப்பில் போய்விடுவார்கள். அவர்கள் சத்தம் தோட்டத்துக்குள் எங்கேயோ கேட்கும். பங்களா பக்கம் வர மாட்டார்கள். வரக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. அவளும் கூப்பிட்டதில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்பு, ஜூலை மாத மழையில், சென்னையிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். பவித்ரா, ஈஸ்வர், ஆலியா. ஒரே கல்லூரியில் படித்தவர்கள், முப்பதை ஒட்டிய வயது. வந்த மறுநாள் மலைப்பாதையில் மண் சரிந்து ரோடு அடைத்துக்கொண்டது. இரண்டு நாள் எங்கேயும் போக முடியாது. ஆலியாவுக்கு வளைவுகளில் வந்தபோது பிடித்த வாந்தி நிற்கவேயில்லை. சுக்குக் கஷாயம் குடித்துவிட்டுப் படுத்தே கிடந்தாள்.

சாப்பாட்டு மேஜையில் பவித்ராவும் ஈஸ்வரும் தாள்களைப் பரப்பிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் இரண்டு பகடைகள். பானு டீ கொண்டுவந்து வைத்தபோது பவித்ரா நிமிர்ந்து பார்த்தாள்.

"அக்கா, உங்களுக்கு வேலை ஏதும் இருக்கா இப்ப?"

"மதியச் சோறு ஆக்கியாச்சு மேடம். என்ன வேணும்?"

"ஒண்ணும் வேண்டாம். கொஞ்ச நேரம் உக்காருங்க. இது ஒரு விளையாட்டு, ரெண்டு பேரா விளையாடினா நல்லாவே இல்ல."

பானு உட்காரவில்லை. நின்றபடியே கேட்டாள். இந்த விளையாட்டில் காய்கள் கிடையாது, கட்டங்கள் கிடையாது, ஜெயிப்பதும் தோற்பதும் கிடையாது என்று பவித்ரா சொன்னாள். இந்தக் காலத்திலும் நம் நடுவே தேவதைகள் இருக்கிறார்கள், நம்மைப் போல் வேஷம் போட்டு, நம்மைப் போல் வேலைக்குப் போய் ஒளிந்து வாழ்கிறார்கள் என்று வைத்துக்கொள்ள வேண்டும். ஆளுக்கு ஒரு தேவதையை உருவாக்கிக்கொள்ள வேண்டும். என்ன நடக்கிறது என்று பவித்ரா சொல்வாள். தன் தேவதை என்ன செய்கிறாள், என்ன பேசுகிறாள் என்று மற்றவர்கள் சொல்ல வேண்டும். செய்யக் கடினமான காரியம் என்றால் பகடை உருட்ட வேண்டும். எட்டோ அதற்கு மேலோ விழுந்தால் நடக்கும். குறைவாக விழுந்தாலும் நடத்திக்கொள்ளலாம், ஆனால் அதற்கு அந்தத் தேவதை எதையாவது இழக்க வேண்டும்.

"கன்னிமார் மாதிரியா?" என்று கேட்டாள் பானு.

பவித்ரா ஈஸ்வரைப் பார்த்தாள். "கிட்டத்தட்ட. இவங்களுக்குப் பொய் சொல்ல வராது. கொடுத்த வாக்கை மீற முடியாது. இரும்பு பட்டா சுடும்."

இரும்பு சங்கதி பானுவுக்குத் தெரிந்ததுதான். பிள்ளை பெற்ற வீட்டில் தலைமாட்டில் அரிவாள் வைப்பார்கள். அவள் நாற்காலியை இழுத்து நுனியில் உட்கார்ந்தாள்.

"உங்க தேவதை சென்னையில என்ன வேலை பார்க்குறா?" என்று கேட்டான் ஈஸ்வர்.

"நான் சென்னை பாத்ததில்லையே சார். எனக்குத் தெரிஞ்சது போடி பஸ் ஸ்டாண்டுதான்."

"அப்ப கதையைப் போடிக்கு மாத்திருவோம்" என்றாள் பவித்ரா, சாதாரணமாக, தாளில் எதையோ அடித்துவிட்டு. ஒரு நாற்காலியை நகர்த்திப் போடுவதுபோல அவ்வளவு எளிதாகச் சொன்னாள். பானு அதை வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவளுடைய தேவதைக்குத் தும்பை என்று பெயர் வைத்தாள். தும்பை பஸ் ஸ்டாண்டில் மைக் முன்னால் உட்கார்ந்திருப்பவள். எந்தப் பஸ் எப்போது கிளம்பும் என்று அறிவிப்பாள். அவள் மைக்கில் யார் பெயரைச் சொல்லி அழைத்தாலும், அந்த ஆள் எங்கே இருந்தாலும், போட்டது போட்டபடி அந்தப் பஸ்சுக்கு வந்துவிடுவான். இதைச் சொல்லும்போது பானுவுக்கே எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. சொல்லிக்கொண்டே போனாள். பிறகு சட்டென்று நிறுத்தினாள்.

"ஆனா இவளால எந்தப் பஸ்சுலயும் ஏற முடியாது. பஸ்சு பூராவும் இரும்பு."

ஈஸ்வர் பேனாவைக் கீழே வைத்தான். "அக்கா, நான் ஏழு வருஷமா விளையாடுறேன். எனக்கு இப்படி ஒண்ணு தோணினதில்ல."

அந்த இரண்டு நாளும் மழை விடவில்லை. மறுநாள் ஆலியா போர்வையைப் போர்த்திக்கொண்டு எழுந்து வந்து சேர்ந்துகொண்டாள். அவளுடைய தேவதை மேகலா, போடியில் ஒரு பியூட்டி பார்லரில் வேலை பார்ப்பவள், மகா வாயாடி. பொய் சொல்ல முடியாததால் வருகிற ஒவ்வொரு பெண்ணிடமும் அவள் முகம் எப்படி இருக்கிறது என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவாள். பானு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த மேஜையில் 'மேடம்' என்று கூப்பிட்டால் விளையாட்டு தடைப்பட்டது. மூன்றாம் தடவை பவித்ரா, "பேர் சொல்லுங்க" என்றாள். அன்றிலிருந்து பேர்தான்.

ரோடு திறந்ததும் கிளம்பினார்கள். பவித்ரா இரண்டு பகடைகளையும் பானுவின் கையில் வைத்துவிட்டு, கதையைப் பாதியில் விட முடியாது, ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு வீடியோவில் வாருங்கள் என்றாள். சும்மா சொல்கிறாள் என்றுதான் பானு நினைத்தாள். அந்த வாரமே அழைப்பு வந்தது.

பங்களாவில் சிக்னல் கிடையாது. ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோருக்குப் பின்னால் மேட்டில் ஏறி நின்றால் செய்தி வரும், முகம் வராது. ஆகவே ஞாயிறு பதினொரு மணிக்கு விருந்தாளிகள் அறையைக் காலி செய்ததும், அவசர அவசரமாகக் கூட்டிப் பெருக்கிவிட்டு, பஜாருக்குப் போகிற ஆட்களோடு ஜீப்பில் தொற்றிக்கொண்டு போடிக்கு இறங்கினாள். பதினேழு வளைவு. இறங்க ஒன்றரை மணி நேரம்.

போடியில் அவளுக்கு ஜாக்கெட் தைக்கிற கமர்நிசாவின் கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்சந்தில் இருந்தது. கமர்நிசாவுக்கு ஐம்பது வயதிருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பாக்கி வேலையை முடித்துக்கொண்டிருப்பார். கடைக்குள் மரத்தட்டி வைத்து மறைத்த இடம் ஒன்று உண்டு, பெண்கள் தைத்ததைப் போட்டுப் பார்க்க.

"அக்கா, ரெண்டு மணி நேரம் உள்ள உக்காந்து போன் பேசிக்கிறேன். சத்தம் போட மாட்டேன்."

"பேசிட்டுப் போ. யாரு கேக்கப் போறா" என்றார் கமர்நிசா. யாரிடம், எதற்கு என்று கேட்கவில்லை.

இப்படி ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. ஞாயிறு மூன்றிலிருந்து ஐந்து. தும்பையும் மேகலாவும் ஈஸ்வரின் தேவதையும் போடிச் சந்துகளில் அலைந்தார்கள். தேவதைகளின் பெயர்களை விலைக்கு வாங்குகிற ஒருவன் ஊருக்குள் வந்திருந்தான். யார் பெயர் விற்கப்படுகிறதோ அவள் அன்றைக்கே எல்லார் ஞாபகத்திலிருந்தும் போய்விடுவாள். திங்கள் முதல் சனி வரை பானு பாத்திரம் விளக்கும்போதும் படுக்கை உதறும்போதும் அவனை எப்படிச் சமாளிப்பது என்று யோசித்தாள். யோசிக்க ஒன்று இருந்தது. அது வரைக்கும் அவள் எதை யோசித்துக்கொண்டிருந்தாள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

ஒரு தடவை விருந்தாளிகள் திங்கட்கிழமை வரை தங்கிவிட்டார்கள். அவளால் இறங்க முடியவில்லை. அன்று அவளுக்குப் பதிலாக ஈஸ்வர் தும்பையை நடத்தியிருக்கிறான். அந்த வியாபாரியிடம் ஒரு ரகசியத்துக்காகத் தும்பை தன் சொந்த அத்தையின் பெயரை விற்றுவிட்டாள். மேட்டில் நின்று, நாலு பேரும் இருந்த வாட்ஸ்அப் குழுவில் வந்த செய்தியில் பானு இதைப் படித்தாள். அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை. யாரிடம் போய்ச் சொல்வது? இல்லாத ஒரு பெண்ணை, இல்லாத ஒரு காரியம் செய்யவைத்துவிட்டார்கள் என்று.

அடுத்த ஞாயிறு விளையாட்டு தொடங்குமுன் சொன்னாள். "தும்பை அப்பிடிச் செஞ்சிருக்க மாட்டா."

திரையில் மூவரும் முகத்தைக் கிட்டே கொண்டுவந்தார்கள்.

"அவளுக்கு என்ன ஆனாலும் சரி, அடுத்தவ பேர எடுத்துக் குடுக்க மாட்டா. உங்களுக்குக் கோவமா இருந்தா மன்னிச்சுக்கங்க."

"இல்லக்கா" என்றாள் பவித்ரா. "நீங்க சொல்றது சரி. அது நடக்கல. அழிச்சிட்டேன்."

ஈஸ்வரும் மன்னிப்புக் கேட்டான். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். தன் வாழ்க்கையில் தனக்கு நடந்த எதையும் தன் சொல்லுக்காக ஒருவர் அழித்து அவள் பார்த்ததில்லை. அன்றைக்கு ஜீப்பில் திரும்பும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்த, தோட்டத்திலேயே தங்கிப் பழம் எடுக்கிற மாயக்காள் என்ற பெண், "என்னத்தா, கண்ணு கலங்கியிருக்கு?" என்று கேட்டாள். "காத்து" என்றாள் பானு.

பேச்சு கிளம்பாமல் இருக்குமா? வாராவாரம் இறங்குகிறாள், தையல்கடைத் தட்டிக்குப் பின்னால் போனும் கையுமாக உட்கார்ந்திருக்கிறாள், ஆண்பிள்ளை குரல் கேட்கிறது, சிரிக்கிறாள். ஜீப்பில் ஏறி, சிலமலையில் இறங்கி, ராசிங்காபுரம் போய், கன்னையன் காதில் விழுந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அவன் கடைக்கே வந்துவிட்டான். கமர்நிசா மிஷினை நிறுத்தினார். பானு காதிலிருந்து ஒயரைக் கழற்றினாள்.

"யாருகிட்டத்தா பேசுற?"

"வாண்ணே. உக்காரு."

"உக்கார வரல. யாருன்னு கேட்டேன்."

அவள் ஒளிக்கவில்லை. போனை அவன் பக்கம் திருப்பி, சத்தத்தைக் கூட்டினாள். நடந்தது தெரியாத ஈஸ்வர், தன் தேவதை கரண்டு கம்பத்து மேல் குந்தியிருப்பதாகவும், கீழே நகராட்சித் தண்ணி லாரி வருவதாகவும் சொல்லிக்கொண்டிருந்தான். இறக்கையை மடக்கிக்கொண்டு குதிப்பதாகச் சொன்னான். கன்னையன் நின்றபடியே கேட்டான். பானு தாள்களைக் காட்டினாள், பகடைகளைக் காட்டினாள், இது ஒரு விளையாட்டு அண்ணே என்று முதலிலிருந்து சொன்னாள். வேகமாகச் சொன்னாள். சொல்லச் சொல்ல அது சின்னதாகிக்கொண்டே போனது.

"இதுக்கா வாராவாரம் மலையெறங்கி வர்ற?"

"ஆமாண்ணே."

கன்னையன் அந்தத் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு மேஜையில் வைத்தான். கோபம் இறங்கிவிட்டிருந்தது. அதைவிட மோசமான ஒன்று அவன் முகத்தில் வந்திருந்தது.

"ஒருத்தன் இருக்கான்னு சொல்லியிருந்தாக்கூட எனக்கு வெளங்கியிருக்கும் பானு" என்றான். "நல்லவனா, கெட்டவனான்னு விசாரிச்சிருப்பேன்."

போகும்போது ஷட்டருக்குக் குனிந்தவன் திரும்பி, "ஒடம்பப் பாத்துக்க. வீட்டுக்கு வா, அண்ணி கேட்டா" என்றான். நோயாளியிடம் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னான். கமர்நிசா மறுபடி மிஷினை ஓட்டத் தொடங்கினார்.

பானு நிறுத்தவில்லை. ஆனால் விளையாட்டு தானாகத் தேய்ந்தது. பவித்ரா கர்ப்பமானாள். ஈஸ்வருக்கு வேலை மாறியது. ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு என்றானது, பிறகு மாதம் ஒன்று. கடைசியாக விளையாடிய நாளில் கதை நல்ல இடத்தில் நின்றது. அந்த வியாபாரி மேகலாவைப் பிடித்து மலைமேல் ஒரு ஸ்டோருக்குள் அடைத்துவிட்டான். போடிமெட்டுக்குக் கடைசிப் பஸ் கிளம்பப் போகிறது. நடந்து போனால் நேரத்துக்குச் சேர முடியாது. தும்பை மைக்கை விட்டு எழுந்து, அறிவிப்புக் கூண்டை விட்டு வெளியே வந்து, முதல்தடவையாக ஒரு பஸ்சின் படிக்கட்டு முன்னால் நிற்கிறாள். பகடை உருட்ட வேண்டும். அந்நேரம் பவித்ராவுக்குத் தலை சுற்றியது. "அடுத்த வாரம் இங்கயிருந்து தொடங்குவோம்" என்றாள்.

அடுத்த வாரம் பானு இறங்கி வந்து மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரை உட்கார்ந்திருந்தாள். அதற்கடுத்த வாரமும். ஐந்தாறு வாரத்துக்குப் பிறகு பவித்ராவுக்குக் குழந்தை பிறந்த படம் குழுவில் வந்தது. எல்லாரும் பூ அனுப்பினார்கள். இவளும் அனுப்பினாள். பிறகு அந்தக் குழுவில் யாரும் எதுவும் எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இறங்குவதை மட்டும் அவள் விடவில்லை. வேறு எங்கே போவது? பஜாரில் காய் வாங்குவாள், கமர்நிசா கடையில் உட்கார்ந்து பட்டன் வைத்துக் கொடுப்பாள், ஐந்தரைக்கு ஜீப் ஏறுவாள்.

ஏழு மாதம் கழித்து, போன பங்குனியில், கடையில் அப்படி உட்கார்ந்திருந்தபோது பவித்ரா போன் செய்தாள். பானு பட்டனைக் கீழே போட்டுவிட்டு எடுத்தாள். பவித்ரா அன்பாகப் பேசினாள், குழந்தை தவழ்கிறது என்றாள். தன் அலுவலகத்து ஆட்கள் பத்துப் பேர் வருகிறார்கள், நான்கு அறையும் வேண்டும், கிடைக்குமா என்று கேட்டாள். கிடைக்கும் என்றாள் பானு. தேதி குறித்துக்கொண்டாள். வைக்கப் போகும்போது கேட்டுவிட்டாள்.

"பவித்ரா, நம்ம கதை?"

"எந்தக் கதைக்கா?" ஒரு கணம் கழித்து, "ஐயோ, ஆமால்ல. முடிக்கவே இல்லல்ல நாம" என்றாள். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "இனிமே சேர்ந்து உக்கார முடியும்னு தோணலக்கா. நீங்களே ஒரு முடிவு வெச்சுக்கங்க. உங்களுக்குப் பிடிச்ச மாதிரி."

பானு போனை வைத்தாள். அப்புறம் கைப்பையிலிருந்து பகடைகளை எடுத்தாள். துணி வெட்டுகிற பலகையில் கொஞ்சம் இடம் ஒதுக்கி உருட்டினாள். மூன்றும் இரண்டும் விழுந்தது. ஐந்து.

கமர்நிசா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "என்ன விழுந்துச்சு?"

"அஞ்சு. எட்டு வேணும்."

"அப்ப அவ ஏற முடியாதா? அந்த பஸ் ஸ்டாண்டுப் பிள்ள?"

பானு நிமிர்ந்து பார்த்தாள்.

"நீதான் தட்டிக்குப் பின்னால ஒண்ணர வருசமா சொன்னியே. எனக்கென்ன காது இல்லையா?" கமர்நிசா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னார். "ரப்பர் செருப்பு போட்டுட்டு ஏறச் சொல்லு. கம்பியப் பிடிக்காம நிக்கட்டும். இரும்பு எப்பிடிச் சுடும்?"

இத்தனை நாள் நான்கு பேருக்கு இது தோன்றவில்லை. நல்ல யோசனை சொன்னால் பவித்ரா இரண்டு கூட்டிக் கொடுப்பாள். ஐந்தும் இரண்டும் ஏழு. பானு விரலால் பலகையில் எழுதிப் பார்த்தாள்.

"அப்பவும் ஒண்ணு கொறையுதுக்கா."

"இன்னொரு தடவ உருட்டு. யாரு பாக்குறா?"

"அப்பிடிச் செய்யக்கூடாது."

"சரி. கொறைஞ்சா என்ன?"

"ஏறலாம். ஆனா எதையாச்சும் விட்டுக் குடுக்கணும்."

எதை என்று அவள் யோசித்தாள். கமர்நிசா அவசரப்படுத்தவில்லை. வெளியே தேனி வண்டிக்கு ஆள் கூப்பிடும் சத்தம் கேட்டது.

"குரல" என்றாள் பானு. "இனிமே அவ மைக்குல கூப்பிட்டா யாரும் வர மாட்டாங்க. மத்தவங்கள மாதிரி சும்மா ஒரு குரல் ஆயிரும்."

பிறகு தும்பை ரப்பர் செருப்போடு பஸ் ஏறியதைச் சொன்னாள். எதையும் பிடிக்காமல் பதினேழு வளைவிலும் விழாமல் நின்றதை, போடிமெட்டில் இறங்கியதை, ஈரத்தில் அந்த ஸ்டோரைத் தேடிப் போனதை. கமர்நிசா தைப்பதை விட்டுவிட்டுக் கேட்டார். கதவைத் தள்ளித் திறக்கிற இடத்தில் பானு நின்றுவிட்டாள்.

"உள்ள அந்த வாயாடிப் பிள்ள இருந்தாளா?"

"தெரியலக்கா."

"நீதானே சொல்ற. இருந்தான்னு சொல்லு."

"அது ஆலியாவோட ஆளு. அவ இருக்காளா, என்ன சொல்லுவான்னு நான் சொல்ல முடியாது."

கமர்நிசா கண்ணாடியைக் கழற்றினார். "சரிதான்" என்றார். "அப்ப ஆலியாட்ட கேளு."

கேட்கலாம் என்று அவளுக்குத் தோன்றியிருக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து, தட்டிக்குப் பின்னால் போகாமல், குழுவில் ஒரு குரல் பதிவு அனுப்பினாள். ரப்பர் செருப்பிலிருந்து ஸ்டோர் கதவு வரை நாலு நிமிஷம் பேசினாள். கதவைத் திறக்கிறேன், மேகலா இருக்காளா என்று முடித்தாள். ஐந்தரை ஜீப்பில் மலையேறினாள்.

திங்கட்கிழமை மேட்டில் ஏறிப் பார்த்தாள். ஈஸ்வர் கட்டைவிரலை உயர்த்தியிருந்தான். செவ்வாய், புதன் எதுவும் வரவில்லை. வெள்ளிக்கிழமை பவித்ராவின் அலுவலகத்து ஆட்கள் வந்து இறங்கினார்கள். பத்துப் பேருக்குச் சமையல், மேட்டுக்குப் போக நேரமில்லை. சனிக்கிழமை மதியம் அவர்கள் தோட்டம் பார்க்கப் போன இடைவெளியில் ஏறினாள். ஆலியா வியாழக்கிழமை ராத்திரியே எழுதியிருந்தாள்.

"இருக்கேன். மூலையில உக்காந்திருக்கேன். ஏண்டி இவ்வளவு லேட்டு? உன் மூஞ்சி பாக்கவே சகிக்கல."

பானு அதை நாலைந்து தடவை படித்தாள். பதிலுக்கு என்ன எழுதுவது என்று நின்றாள். வா போகலாம் என்று எழுதினாள். அதன்பின் குழுவில் யாரும் எதுவும் எழுதவில்லை, இன்றுவரை. அவளும் எதிர்பார்க்கவில்லை. கீழே தோட்டத்திலிருந்து ஆட்கள் திரும்பி வருகிற பேச்சுச் சத்தம் கேட்டது. பத்துப் பேருக்கும் காலில் அட்டை ஏறியிருக்கும். உப்பு எடுத்துவைக்க அவள் இறங்கிப் போனாள்.